எதிர்க்காற்றில் நிற்கத் தெரிதல்

மார்கழி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுத்த நாட்களில், சிங்கப்பூரின் உஷ்ணநிலை 23 டிகிரிக்குக் கீழே சற்று இறங்கிவிட்டால் போதும், பேருந்துக்குக் காத்திருப்பவர் முதல் காப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் வரை குளிரைப் பற்றிப் பேசாதவர் இருக்கமாட்டார். இத்தீவில் இதுவரை பதிவாகியுள்ள மிகக் குறைந்த உஷ்ணநிலையே, 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில் கண்ட 19 டிகிரிதான். அத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், ஆண்டுதோறும் தோக்கியோவுக்கும் சோலுக்கும் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் விமானம் ஏறிச் சென்று, தங்கள் தேகம் ஒருநாளும் கண்டறியாத குளிரில் 42.195 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திரும்புவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது.

தஞ்சோங் பகாரில் அலுவலகங்கள் விடும் நேரத்தில் நின்று கவனிப்பவருக்கு இந்த ஆர்வத்தின் பிரத்தியட்ச வடிவம் தெரியும். வானளாவ உயர்ந்து நிற்கும் குவோக்கோ கோபுரத்தின் அடியில், கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் காலணிக் கயிற்றை இறுக்கிக் கொள்ளும் இளைஞர்களும் நடுவயதினரும், பெண்களும் ஆண்களுமாகக் கூடி, மரினா பே பக்கமோ, 1932-ல் திறந்து 2011-ல் ரயில் சேவை ஓய்ந்த பழைய ரயில் நிலையத்தின் பக்கமோ ஓடத் தொடங்குவார்கள். அவர்களுடைய பேச்சில் அடிக்கடி அடிபடும் கருத்து ஒன்று உண்டு: "இங்கே வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடிப் பழகிவிட்டோம், அங்கே குளிரில் நேரம் தானாகவே குறைந்துவிடும்." இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதனாலேயே மீதிப் பாதி அபாயமாகிவிடுகிறது என்பதும், குளிர்காற்றில் ஓடப் போகிறவர் ஓடுவதற்குப் பயில்வதைப் போலவே நிற்பதற்கும் பயின்று செல்லவேண்டும் என்பதும், அப்படி நின்று திரும்பியவரை நாம் குறைவாக மதிப்பது தவறு என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் அபிப்பிராயம்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். ஓடுகிறவனுடைய தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, இயக்கமாக மாறாமல் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்ற இயற்கை நமக்களித்த பிரதான உபாயம் வியர்வை. ஆனால் வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாகப் போனால்தான் குளிரும். காற்றே ஈரத்தில் தோய்ந்து கிடக்கும் சிங்கப்பூரில் அது ஆவியாக மறுத்துச் சொட்டிக்கொண்டிருக்க, இரத்தத்தின் ஒரு பகுதி கால்களை விட்டுத் தோலை நாடிச் செல்ல, இருதயம் இரண்டு எஜமானர்களுக்கும் ஊழியம் செய்து களைத்துப்போகிறது. 1982-ல் தொடங்கிய சிங்கப்பூர் மாரத்தான் நெடுங்காலம் விடியுமுன்பே புறப்பட்டதற்கும், 2019-ல் அதை மாலைக்கு மாற்றிப் பார்த்ததற்கும் இந்த உஷ்ணமும் ஒரு காரணம். பத்து டிகிரியை ஒட்டிய குளிரும் அசையாத காற்றும் வாய்த்தால், அதே தேகம் அதே முயற்சியில் பல நிமிடங்கள் முன்னதாகவே முடிவுக்கோட்டை எட்டிவிடக்கூடும்.

நம்மவர்களின் சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய பி.சி. சுப்பையா, அதற்கடுத்த ஆண்டில் 10,000 மீட்டர் தூரத்தை 31 நிமிடம் 19 விநாடியில் ஓடி ஏற்படுத்திய தேசியச் சாதனை நாற்பத்தோரு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2014-ல் சோ ருய் யோங் அதை முறியடித்தது அமெரிக்காவின் போர்ட்லண்டில். எம். ராமேஷன் 1995 டிசம்பரில், வட தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில், 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் மாரத்தான் ஓடி நிலைநாட்டிய சாதனை இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் எவர் கைக்கும் எட்டவில்லை. 2019 மார்ச்சில் அதை 2 மணி 23 நிமிடம் 42 விநாடியாகக் குறைத்தவரும் அதே சோ ருய் யோங், குறைத்த இடம் குளிர் இன்னும் முற்றாக நீங்காத சோல் நகரம். பயிற்சி முறையும் காலணியும் மாறிவிட்டன என்பது மெய்யே; எனினும் சீதோஷ்ணத்தின் பங்கை எவரும் மறுக்கமாட்டார். 1983-ல் இதே சிங்கப்பூரின் புழுக்கத்தில் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் பெண்கள் மாரத்தானை ஓடித் தங்கம் வென்ற கே. ஜெயமணியின் பெருமை, இந்த விவரங்களை அறிந்த பின் நம் கண்ணுக்கு இன்னும் பல மடங்கு உயர்ந்து தோன்றுகிறது.

ஆனால் குளிர் வேறு, குளிர்காற்று வேறு. சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறவர் வானிலை அறிக்கையில் உஷ்ணநிலையை மாத்திரம் பார்த்துவிட்டுக் காற்றின் வேகத்தையும் மழையையும் பாராமல் விடுவதே அனர்த்தத்துக்கு வித்து. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர்மீது, காற்றில்லாத நாளில் அந்த 12 கிலோமீட்டர்க் காற்றுதான் மோதுகிறது. எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் மோதுவது 42 கிலோமீட்டர். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மூன்றரை மடங்கு வேகம் பன்னிரண்டு மடங்கு எதிர்ப்பாக நெஞ்சில் வந்து விழுகிறது. அதே காற்று பாதையின் மறுபாதியில் முதுகில் வீசினாலும், முன்னே பறித்துக்கொண்டதை முழுவதும் திருப்பித் தருவதில்லை. இது போதாதென்று, உடலைச் சுற்றி மெல்லிய போர்வையாக நிற்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தையும் அது வாரிக்கொண்டு போய்விடுகிறது. சட்டை நனைந்திருந்தால் இந்தக் கொள்ளை இன்னும் துரிதமாக நடக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிப் பழகிய நமக்குக் காற்றின் பலம் தெரியாததில்லை. அது பலத்தோடு குளிரையும் மழையையும் சுமந்துகொண்டு, மூன்று நான்கு மணி நேரம் விடாமல் எதிரே வரும்போது என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

பாஸ்டன் மாரத்தானின் இரண்டு ஆண்டுகள் இதற்குத் தக்க நிதர்சனம். ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி, கிழக்கு நோக்கி ஏறக்குறைய ஒரே போக்காக நகரத்துக்குள் வந்து முடியும் பாதை அது. 2011-ல் காற்று முதுகில் வீசியபோது கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. தொடக்கமும் முடிவும் வெகு தூரம் விலகிய பாதை என்பதாலும், இறக்கம் மிகுந்தது என்பதாலும் உலகச் சாதனையாக அது ஏற்கப்படவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 16 அன்று, அதே பாதையில் உஷ்ணநிலை நான்கு டிகிரியை ஒட்டி நிற்க, கொட்டும் மழையோடு காற்று எதிரே வந்து அறைந்தது. ஆடவரில் முதலாவதாக வந்த ஜப்பானின் யூக்கி கவாவுச்சி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. பெண்களில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் டெசிரே லிண்டன் எடுத்துக்கொண்டது 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. 1978-க்குப் பிறகு அங்கே வென்ற பெண்களில் இவ்வளவு மெதுவாக ஓடி வென்றவர் வேறெவருமில்லை. ஆயிரக்கணக்கானோர் மருத்துவக் கூடாரங்களை நாட நேர்ந்தது.

அந்த நாளின் வரலாற்றில் மூன்று விஷயங்கள் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை. முதலாவது, வெற்றி பெற்றவர்கள் யார் என்பது. கவாவுச்சி ஒரு மாநில அரசுப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். அந்த ஆண்டுப் புத்தாண்டு நாளிலேயே பாஸ்டனை அடுத்த மார்ஷ்ஃபீல்டில், உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் ஒரு மாரத்தானை ஓடிப் பார்த்திருந்தார். பெண்களில் இரண்டாமிடம் பெற்ற சாரா செல்லர்ஸ் மருத்துவமனையில் மயக்கமருந்துப் பிரிவுத் தாதியாகப் பணிபுரிந்தவர். குளிர்காற்று, பெயரையும் முந்தைய நேரத்தையும் விசாரிப்பதில்லை. ஆயத்தத்தையும் பொறுமையையும்தான் விசாரிக்கிறது.

இரண்டாவது, லிண்டன் நடந்துகொண்ட விதம். ஓட்டத்தின் முற்பகுதியிலேயே தம் உடல் ஒத்துழைக்கவில்லை என்று கண்ட அவர், இன்று விலகிவிடுவதே நலம் என்று மனத்துள் முடிவுகட்டி, விலகுமுன் பிறருக்காவது பயன்படுவோம் என்று எண்ணினார். கழிப்பறைக்காக ஒதுங்கிய சக ஓட்டக்காரி ஷலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் முன்னணிக் கூட்டத்தோடு கொண்டுவந்து சேர்த்தார். வேறொருவருக்காகவும் முன்னே சென்று காற்றைத் தாங்கினார். எதிர்க்காற்றில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஓடுவது எவ்வளவு சக்தியை மிச்சப்படுத்தும் என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது அவரைச் சுற்றி மாறி மாறி ஓடிய துணைவர்கள் செய்த உபகாரமும் இதுவே. விலகுவதற்கு ஆயத்தமாக இருந்த லிண்டன், அன்று தம் சக்தியை அவசரத்தில் விரயம் செய்யவில்லை. காற்று மற்றவர்களை ஒவ்வொருவராக உதிர்த்தபின் அவரே எஞ்சி நின்றார்.

மூன்றாவது, நின்றுவிட்டவர்கள். ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்ற கேலன் ரப், அன்று பாதை முடியுமுன்பே விலகினார். சில நாளிதழ்ப் பத்திகளில் அது ஒரு வீழ்ச்சியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் மூன்று வாரம்கூடக் கழியாமல், மே 6 அன்று பிராக் நகரில் அவர் 2 மணி 6 நிமிடம் 7 விநாடியில் ஓடி வென்றார்; அதுவே அதுவரை அவருடைய மிகச் சிறந்த நேரம். பாஸ்டனின் மழையில் கடைசி மைல்களையும் பிடிவாதமாக ஓடி முடித்திருந்தால் பிராக் அவருக்கு வாய்த்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

நிற்கத் தெரியாமல் போனால் நேர்வது என்ன என்பதை 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலம் உலகுக்குக் காட்டியது. மஞ்சள் நதிக் கரையின் கற்காட்டுப் பகுதியில் நடந்த நூறு கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டனர். வாகனம் ஏற முடியாத செங்குத்தான ஏற்றத்தில் அவர்கள் இருந்தபோது, ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒருசேரத் தாக்கின, இருபத்தொருவர் மாண்டனர். அவர்களில் நாட்டின் தலைசிறந்த மலைப்பாதை ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தும், காற்றுத் தடுப்பு மேலாடை கட்டாயப் பொருட்களின் பட்டியலில் இல்லை. அங்கே ஆறு உயிர்களைக் காத்தவர், மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கமிங் என்பவர். தாம் ஒதுங்கியிருந்த குகை வீட்டில் தீ மூட்டி, நடுங்கி வந்தவர்களை உள்ளே அழைத்து, ஈர ஆடைகளை உலர்த்தச் செய்தார். நக்கீரரின் நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்கு, மழையும் வாடையும் வருத்த, கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு நடுங்கும் கோவலர் அப்பாட்டின் தொடக்கத்திலேயே வருவது நினைவிருக்கும். காற்றோடு வாழ்கிறவர்கள், அது வருத்தும் நேரத்தில் செய்யத் தக்கது நெருப்பருகே ஒதுங்குவதே என்று பண்டு தொட்டு அறிந்திருக்கிறார்கள். பந்தய எண்ணை மார்பில் குத்திக்கொண்டவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள்.

மறுப்பாகச் சொல்லப்படுவது என்ன என்பதையும் கேட்போம். "மாதக்கணக்காகப் பயிற்சி செய்தோம், விடுப்பு எடுத்தோம், விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் வருமானத்தில் ஒரு பங்கைக் கொட்டினோம், இருபது கிலோமீட்டரில் நின்றுவிட்டு ஊர் திரும்பினால் முகத்தில் விழிப்பது எப்படி?" வைராக்கியம் என்ற நற்குணத்தின் மேல் கட்டிய வாதம் இது, அதை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. மாரத்தான் என்பதே சிரமத்தைக் கண்டு ஓடாமல் சிரமத்தோடு ஓடுவதுதான். ஆனால் கால் வலி, மூச்சிரைப்பு, சோர்வு ஆகிய சிரமங்கள் அறிவைத் தெளிவாகவே விட்டுவைக்கின்றன. தாழ்வெப்பநிலையோ, முதலில் அறிவைத்தான் திருடுகிறது. இயல்பாக 37 டிகிரியில் இருக்க வேண்டிய உள்ளுடல் 35-க்குக் கீழே இறங்கும்போது, விரல்கள் சத்துக்கூழ்ப் பொட்டலத்தைக் கிழிக்க வராமல் மரத்துப்போகும், பிறகு நா குழறும், கால் தடுமாறும், அப்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதும் அந்த ஓட்டக்காரரேதான். களைப்பினால் வேகம் குறையக் குறையத் தசைகள் உண்டாக்கும் உஷ்ணமும் குறைகிறது; நடுக்கம் மிச்சமிருக்கும் மாச்சத்தையும் தின்றுவிடுகிறது. ஆகவே நிற்பதா வேண்டாமா என்ற தீர்மானத்தை அந்தக் கணத்துக்கென ஒத்திவைப்பது வைராக்கியமாகாது. அறிவு தெளிந்திருக்கும்போதே, வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே, அதைச் செய்துகொள்ள வேண்டும்.

தஞ்சோங் பகார்வாசிகளுக்கு இந்தத் தத்துவம் புதியதன்று. 1972 முதல் கொள்கலன் கப்பல்கள் வந்துபோன அந்தத் துறைமுகத்தில், காற்றுமானி குறித்த எல்லையைத் தாண்டிவிட்டால் பாரந்தூக்கி நின்றுவிடும்; கப்பல் காத்திருக்கிறதே, நாள் கூலி வீணாகிறதே என்று எவரும் அதை மேலும் இயக்கச் சொன்னதில்லை, அதை நிறுத்தியவரைக் கோழை என்று பழித்ததுமில்லை. இந்த வட்டாரத்தில் வேர்விட்ட கடையநல்லூர்க்காரர்கள், 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவிய அந்தச் சமூகத்தார், செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலோடு புகும் மேலைக்காற்றைப் பிறந்த மண்ணிலேயே அனுபவித்து, காற்றின் பலத்தை அறிந்தவர்கள். இன்றும் நம் பிள்ளைகள், மின்னல் எச்சரிக்கை ஒலித்தவுடன் நீச்சல் குளத்தை விட்டு மறுபேச்சின்றி வெளியேறுகிறார்கள். இடிக்கும் மின்னலுக்கும் சூறைக்கும் இவ்வளவு நியாயமாக நடந்துகொள்ளும் சமூகம், அயல்நாட்டுக் குளிர்காற்றுக்கு மாத்திரம் வேறு நியாயம் வைத்திருப்பது விசித்திரம்.

ஆதலால், இந்தப் பருவத்தில் குளிர்நாடுகளுக்குப் புறப்படுவோருக்கும், அவர்களை அனுப்பிவைப்போருக்கும் சில யோசனைகள். ஓட்டக் குழுக்கள், வெறும் தூரக் கணக்கோடு நில்லாமல், மரினா அணைக்கட்டிலும் கிழக்குக் கடற்கரையிலும் காற்று பலமாக வீசும் நாட்களைத் தேடிச் சென்று, ஒருவர் முன்னும் பலர் பின்னுமாக முறைவைத்து ஓடப் பழக்கட்டும். பிறர் முதுகின் மறைவை அனுபவித்தவர் தம் முறை வரும்போது முன்னே போகும் நாகரிகமும் அதில் சேர்ந்தே வரும். குளிரை இங்கே உண்டாக்க முடியாது. ஆனால் கையுறை அணிந்து பொட்டலம் பிரிக்கவும், தொடங்கும் கோட்டில் கழற்றி எறிவதற்கென்று பழைய சட்டையும் பிளாஸ்டிக் மழையுறையும் அணிந்து நிற்கவும், கழுத்தும் காதும் மறையும்படி உடுக்கவும் இங்கேயே ஒத்திகை பார்க்கலாம். குளிர் மிகுந்த ஓட்டங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள், விடுதியின் காலை உணவைப் பற்றிச் சொல்வதற்குமுன், பாதையில் எங்கெங்கே மருத்துவக் கூடாரம் இருக்கிறது, விலகியவரை ஏற்றிவரும் வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லட்டும். ஓடப் போகிறவர் ஒவ்வொருவரும், நா குழறினால் நிற்பேன், விரல் வழங்காவிட்டால் நிற்பேன், உடன் ஓடுபவர் நில் என்றால் வாதாடாமல் நிற்பேன் என்று வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நம்முடைய பேச்சு மாறவேண்டும் என்பது. விமான நிலையத்தில் வரவேற்கப் போகும் உறவினர் முதலில் கேட்பது "முடித்தாயா?" என்பதாகவே இருக்கும்வரை, பாதி வழியில் நடுங்கிக்கொண்டிருப்பவர் காதில் வண்டியின் அழைப்பைவிட அந்தக் கேள்வியே உரக்கக் கேட்கும். பதக்கத்துடன் வந்தவருக்கு மாலை போடுவோம், அதில் ஆட்சேபம் இல்லை. ஓட்டக் குழுக்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஓடி முடித்தவர்களின் பட்டியலை வாசிக்கும்போது, தக்க இடத்தில் நின்று நலமாகத் திரும்பியவர்களின் பெயர்களையும் அதே மேடையில், அதே குரலில் வாசிக்கும் வழக்கத்தை இவ்வாண்டிலேயே தொடங்கட்டும். அடுத்த ஆண்டு அவர்களில் பலர் முதல் பட்டியலுக்கு மாறியிருப்பார்கள்.